கரிப்பூரா, கோயம்புத்தூரா: கூடலூரில் இருந்து ஒரு டிக்கெட் கணக்கு

நீலகிரி மாவட்டம் கூடலூரில் நான் வைத்திருக்கும் நெட் சென்டருக்கு ஆதார் திருத்தம், பட்டா நகல், பரீட்சை ரிசல்ட் என்று வருகிறவர்கள் போக, வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது விமான டிக்கெட்டோடு வருவார்கள். டிக்கெட் போடுவதற்கு அல்ல. கல்ஃபில் இருக்கும் ஆள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி, எது நல்லது என்று கேட்பதற்கு.

போன வாரம் பாண்டியாறு டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டம்) பக்கமிருந்து ஓர் அக்கா வந்தார். வீட்டுக்காரர் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். ஜூலைக் கடைசியில் முப்பது நாள் லீவு.

"தம்பி, கோயம்புத்தூருக்குப் போடவா கரிப்பூருக்குப் போடவான்னு கேக்குறாரு. கோயம்புத்தூர்னா நாப்பது திர்ஹாம் கம்மியாம். ரெண்டுமே நாலு மணி நேரம்தானாம். அப்ப கம்மியா இருக்கறதுலயே போட்டுட வேண்டியதுதானே?"

ஷார்ஜாவில் உட்கார்ந்து பார்த்தால் இது சரியான கேள்விதான். டிக்கெட்டில் எழுதியிருப்பது விமானம் ஓடும் நேரம் மட்டும். அது இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய ஒன்றே. கூடலூர்க்காரர் பார்க்க வேண்டிய நேரம் விமானத்தை விட்டு இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது.

முதலில் வானத்துக் கணக்கை முடித்துவிடுவோம், அது சின்னது. ஷார்ஜாவிலிருந்து கரிப்பூருக்கு, அதாவது கோழிக்கோடு விமான நிலையத்துக்கு, நேர்கோட்டில் சுமார் 2,670 கிலோமீட்டர். கோயம்புத்தூருக்குச் சுமார் 2,770. வித்தியாசம் நூறு கிலோமீட்டர். உயரத்துக்குப் போய்விட்ட ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். ஆக அந்த நூறு கிலோமீட்டருக்கு ஏழெட்டு நிமிடம். தரையில் ஓடுபாதைக்கு உருண்டு போவதிலும், முன்னால் இறங்க வேண்டிய விமானத்துக்காக ஒரு வட்டம் அடிப்பதிலும் இதைவிட அதிகம் போய்விடும்.

டிக்கெட்டைப் பார்த்து இன்னொரு குழப்பமும் வரும். இரவு பத்து மணிக்கு ஏறி மூன்றரைக்கு இறங்குவதாகப் போட்டிருந்தால், ஐந்தரை மணி நேரப் பயணம் என்று சிலர் பயந்துவிடுகிறார்கள். ஏறும் நேரம் அங்குள்ள கடிகாரம், இறங்கும் நேரம் இங்குள்ளது. நாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். கழித்தால் நாலு மணி நேரம். அதிலும் கதவு மூடி வண்டி நகரத் தொடங்கியதிலிருந்து, இங்கே வந்து நிற்கும் வரைக்கும் சேர்த்த கணக்கு அது. வானத்தில் இருப்பது அதைவிடக் குறைவு. குளிர்காலத்தில் மேலே மேற்குக் காற்று பலமாக அடிப்பதால் ஊருக்கு வரும்போது சீக்கிரமும், திரும்பிப் போகும்போது பத்து இருபது நிமிடம் தாமதமும் ஆகும். ஊருக்கு வர காற்றும் கொஞ்சம் தள்ளிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

விஷயம் இத்தனைதான் என்றால் நாற்பது திர்ஹாமை மிச்சம் பிடிக்கச் சொல்லி அக்காவை அனுப்பியிருப்பேன்.

மேப்பில் ஒரு கோடு

அக்காவுக்கு விளக்கக் கம்ப்யூட்டரில் மேப்பைத் திறந்து, ஷார்ஜாவிலிருந்து கோயம்புத்தூருக்கு நேராக ஒரு கோடு இழுத்தேன். அரபிக்கடலைத் தாண்டி, காசர்கோடு பக்கம் கரையேறி, வயநாட்டின் மேலே வந்து, கூடலூருக்குத் தெற்கே நாலு கிலோமீட்டருக்குள் கடந்து போகிறது அந்தக் கோடு. ஏறக்குறைய நாடுகாணி, பாண்டியாறு மேலேயே. விமானங்கள் இப்படிக் கோடு பிடித்தாற்போல் பறப்பதில்லை, அவற்றுக்கென்று வான்வழிகள் உண்டு. ஆனாலும் கோட்டைப் பார்த்த அக்கா, "எங்க லயத்து மேலயே போகுது, அப்படியே குதிச்சிட வேண்டியதுதானே!" என்றார்.

கோயம்புத்தூரில் இறங்குகிறவர் ஒரு வகையில் வீட்டைத் தாண்டிப் போய் இறங்கி, திரும்பி வருகிறார். அப்படித் தாண்டிப் போவதும் வானத்தில் எண்பது கிலோமீட்டர்தான். கூடலூரிலிருந்து கரிப்பூருக்கு நேர்கோட்டில் 71 கிலோமீட்டர், கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு 80. காக்கைக்கு இரண்டும் ஒன்றுதான்.

ரோட்டில் அப்படியில்லை. கரிப்பூருக்கு நூறு கிலோமீட்டரை ஒட்டி வரும். கோயம்புத்தூருக்கு 140. ஏன் இந்த நாற்பது கூடியது என்று பார்த்தால் விடை மலையில் இருக்கிறது. கூடலூர் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே போனால் ஒரே இறக்கம். நாடுகாணி தாண்டிச் சுரத்தில், அதாவது மலைப்பாதையில், இறங்கி வழிக்கடவு போய்விட்டால் மலை முடிந்தது; எடக்கரை, நிலம்பூர், எடவண்ணா, அப்புறம் அரீக்கோடோ மஞ்சேரியோ பிடித்துக் கொண்டோட்டி. எங்கள் மழைத்தண்ணீர் போகிற பக்கமும் அதுதான். பாண்டியாறு இறங்கிப் புன்னப்புழையாகிச் சாலியாற்றில் கலந்து பேப்பூரில் கடலைத் தொடுகிறது. கிழக்கே கோயம்புத்தூருக்குப் போகிறவர் முதலில் இறங்கவே மாட்டார். நடுவட்டம், பைக்காரா, தலைகுந்தா என்று 50 கிலோமீட்டர் ஏறி, 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியைத் தொட்டு, அப்புறம் குன்னூர் வழியாகவோ கோத்தகிரி வழியாகவோ, முந்நூற்றுச் சொச்சம் மீட்டரில் கிடக்கும் மேட்டுப்பாளையத்துக்கு இறங்க வேண்டும். 1,200 மீட்டர் ஏற்றம், 1,900 மீட்டர் இறக்கம். அதற்குப் பிறகும் காரமடை, துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி என்று நாற்பது கிலோமீட்டர் ஊர் நெரிசல்.

நேரம்? கரிப்பூருக்கு மூன்று மணி நேரம், எடவண்ணாவிலோ மஞ்சேரியிலோ மாட்டிக்கொண்டால் மூன்றரை. கோயம்புத்தூருக்கு ஒரு நல்ல நாளில் நாலரை. கெட்ட நாளைப் பற்றிக் கீழே சொல்கிறேன். வானத்தில் நூறு கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம். ரோட்டில் கூடுதலாக வரும் நாற்பது கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம்.

நாற்பது திர்ஹாமும் இங்கேயே கரைந்துவிடுகிறது. ரூபாயாக மாற்றினால் அது ஆயிரத்தை ஒட்டி வரும். ஏர்போர்ட்டுக்கு வண்டி பேசினால் போக வரக் கணக்கு. கரிப்பூருக்கு 200 கிலோமீட்டர், கோயம்புத்தூருக்கு 280. கூடுதலாக 80. கிலோமீட்டருக்குப் பதினைந்து ரூபாய் என்று வைத்தாலே 1,200. டிரைவர் பேட்டா, வழியில் சாப்பாடு தனி. ஷார்ஜாவில் மிச்சம் பிடித்தது மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் போய்விடும்.

பஸ்ஸில் போகிறவருக்குக் கணக்கு வேறு, அதையும் சொல்லிவிட வேண்டும். பெட்டி சின்னதாக இருந்து தனி ஆளாகப் போவதானால் கோயம்புத்தூர் பஸ் சுலபம். கூடலூரிலேயே ஏறி உட்கார்ந்தால் மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவான். அங்கிருந்து காந்திபுரம் வந்து, அவிநாசி ரோட்டில் போகிற டவுன் பஸ்ஸில் ஏறி சித்ராவில் இறங்கினால் ஏர்போர்ட் பக்கம்தான். கரிப்பூருக்கு நிலம்பூரிலோ மஞ்சேரியிலோ மாறி, கொண்டோட்டியில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும். ஒரு கையில் முப்பது கிலோ அட்டைப்பெட்டி, நைலான் கயிறு போட்டு மார்க்கரில் பெயர் எழுதியது, இன்னொரு கையில் குழந்தை என்றால் இந்த மாறுதல் ஆகாது.

சீசனும் கவுண்டரும்

என் சித்தப்பா மகன் கதையைச் சொன்னால் கெட்ட நாள் என்றால் என்ன என்பது புரியும். மே மாதம், மலர்க் கண்காட்சி நடக்கும் வாரம், ஞாயிற்றுக்கிழமை. கோயம்புத்தூரிலிருந்து இரவு விமானம். நான்தான் டிக்கெட் போட்டுக் கொடுத்தேன், விலை குறைவு என்று. மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினான், எட்டு மணி நேரம் கையில் இருக்கிறதே என்று. தலைகுந்தாவிலிருந்து ஊட்டிக்குள் நுழையவே ஒன்றரை மணி நேரம். சீசனில் மேலே ஏறுகிற வண்டிக்குக் குன்னூர் வழி, கீழே இறங்குகிற வண்டிக்குக் கோத்தகிரி வழி என்று ஒருவழிப்பாதை ஆக்கிவிடுவார்கள். அது தேவையான ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாரம் ஊட்டிக்கு வந்த அத்தனை பேரும் அன்று மாலை கோத்தகிரி வழியாகத்தான் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வளைவுக்கு வளைவு பிரேக் லைட். மேட்டுப்பாளையத்தில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இன்னொரு முக்கால் மணி நேரம்.

வெளிநாட்டு விமானத்துக்குப் பெரும்பாலும் கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் கவுண்டரை மூடிவிடுவார்கள். இவன் போய் நின்றது மூடிப் பத்து நிமிடம் கழித்து. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது, விமானமும் இருக்கிறது, ஏற்ற முடியாது. புது டிக்கெட் போட்ட காசில் கரிப்பூருக்கு மூன்று தடவை வண்டி பேசியிருக்கலாம். அதற்குப் பிறகு ஏப்ரலிலும் மேயிலும் கூடலூர்க்காரர் யாருக்கும் கோயம்புத்தூர் டிக்கெட்டை நான் சொல்வதில்லை. தவிர்க்கவே முடியாவிட்டால் முதல் நாளே போய்க் கோயம்புத்தூரில் தங்கச் சொல்கிறேன்.

2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கு வரும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். நம் நீலகிரிப் பதிவு டிஎன் 43 வண்டிக்கும் அரசு பஸ்ஸுக்கும் அது தேவையில்லை. ஆனால் கோயம்புத்தூர் ஏர்போர்ட்டில் இறங்கி அங்கேயே டாக்சி பிடித்து வரலாம் என்று நினைப்பவர், கரிப்பூரில் கேஎல் வண்டி பிடிப்பவர், இருவருமே பாஸ் எடுத்திருக்கிறதா என்று டிரைவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இரவு மூன்று மணிக்குச் செக்போஸ்ட்டில் நின்றுகொண்டு போனில் ஓடிபி வரக் காத்திருப்பதை நான் யாருக்கும் விரும்பமாட்டேன். ஊரிலிருந்தே வண்டி அனுப்புவது நல்லது.

மழைக்காலம்

இதுவரை படித்தவர் நான் கரிப்பூர் கட்சி என்று முடிவு கட்டியிருப்பார். உண்மைதான். ஆனால் அக்காவின் வீட்டுக்காரர் வருவது ஜூலைக் கடைசி. அங்கேதான் என் கட்சி கொஞ்சம் ஆட்டம் காணும்.

கரிப்பூர் விமான நிலையம் ஒரு குன்றின் தலையைச் சீவி எடுத்தாற்போன்ற இடத்தில் இருக்கிறது. ஓடுபாதை 2,860 மீட்டர். இரண்டு முனையிலும் பள்ளம். டேபிள்டாப் என்கிறார்கள். 2020 ஆகஸ்ட் 7ஆம் தேதி, கொரோனா காலத்தில் துபாயிலிருந்து ஆட்களை அழைத்து வந்த விமானம் மழையில், பின்காற்றோடு இறங்கி, ஓடுபாதையில் வெகுதூரம் தள்ளித் தரை தொட்டு, முனையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. 190 பேர் இருந்தார்கள். இரண்டு விமானிகள் உட்பட 21 பேர் போய்விட்டார்கள். இந்தப் பக்கத்தில் அந்த இரவை யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு பெரிய அகல உடல் விமானங்கள் அங்கே இறங்குவது நிறுத்தப்பட்டது. இப்போது பார்வை சரியில்லை, காற்று சரியில்லை என்றால் விமானிகள் தயங்காமல் மேலே எழும்பி, கொச்சிக்கோ கண்ணூருக்கோ கோயம்புத்தூருக்கோ போய்விடுகிறார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் கரிப்பூர் வாசலில் வண்டியோடு நிற்கிறவருக்கு அது ஒரு பகல் வேலை. இரண்டு வருடம் முன்பு ஜூலையில் என் வாடிக்கையாளர் ஒருவரை ஏற்றி வந்த விமானம் கொச்சியில் இறங்கியது. அங்கேயே நாலு மணி நேரம் உட்கார்ந்து, மழை விட்ட பிறகு அதே விமானத்தில் கரிப்பூருக்கு வந்தார். வண்டிக்காரர் அதற்குள் மூன்று தடவை தூங்கி எழுந்துவிட்டார்.

அதே ஜூலையில் கோயம்புத்தூர் வறண்டு கிடக்கும். தென்மேற்குப் பருவமழையை மேற்குச் சரிவு வாங்கிக்கொள்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றுதான் அந்தப் பக்கம் போகிறது, மழை தூறலாக வந்தால் உண்டு. விமானம் இறங்குவதற்கு மட்டும் பார்த்தால் ஜூலையில் கோயம்புத்தூர் மேல். சந்தேகமே இல்லை.

ரோடு? இங்கேதான் சிக்கல். மழைக்காலத்தில் நாடுகாணிச் சுரத்தில் மண் சரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2019 ஆகஸ்டில் அந்த ரோடு பல இடங்களில் இடிந்து கிடந்தது. அதே நாட்களில்தான் நிலம்பூருக்குப் பக்கத்தில் கவளப்பாறையில் மலையே இறங்கி வந்தது. ஆனால் அதே வாரத்தில்தான் நம் மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஊட்டி ரோடும் அப்போது நல்லபடியாக இல்லை. சாதாரண ஜூலையிலேயே கூடலூருக்கும் நடுவட்டத்துக்கும் இடையில் மரம் விழும். தீயணைப்புக்காரர் வந்து அறுத்துப் போடும் வரை இரண்டு பக்கமும் வண்டி நிற்கும். கோயம்புத்தூரில் இறங்கினால் மழையிலிருந்து தப்பிவிடலாம் என்பது ஊட்டி வரைக்கும்தான் சரி. கடைசி ஐம்பது கிலோமீட்டர் நம் மழைக்குள்தான்.

அக்டோபர், நவம்பரில் கதை திரும்பிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தை அடிக்கும். 2009 நவம்பரில் அந்தப் பக்கத்து மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்போதும் அந்த மாதங்களில் குன்னூர் – மேட்டுப்பாளையம் ரோட்டில் பாறை விழுந்தது, ஒருவழியாக்கினார்கள் என்று செய்தி வராத வருடம் குறைவு. அப்போது கரிப்பூர் ரோட்டுக்கு அவ்வளவு தொந்தரவு இல்லை. தீபாவளிக்கு வருகிறவர் யோசிக்காமல் கரிப்பூர் போட்டுக்கொள்ளலாம்.

ஜூலைக்கு என் யோசனை என்ன? கரிப்பூர்தான், ஆனால் பகலில் இறங்குகிற விமானம். இரவு இறங்கும் டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். காரணம் விமானத்தைவிடச் சுரம்தான். அதிகாலை மூன்று மணிக்கு இறங்குகிறவரை அழைக்க வண்டி இங்கிருந்து இரவு பதினோரு மணிக்குக் கிளம்ப வேண்டும். மழை, மூடுபனி, வளைவில் நிற்கும் யானை. யானை நின்றால் லைட்டைக் குறைத்துவிட்டு அது போகும் வரை காத்திருப்பதுதான் வழி. அரை மணி நேரமானாலும் அரை மணி நேரம்தான். மண் சரிந்திருந்தால் இரவில் அது கண்ணுக்குத் தெரிவதற்குள் பக்கத்தில் போயிருப்போம். பகலில் மதியம் இறங்கினால் காலை எட்டு மணிக்கு வண்டி கிளம்பினால் போதும், மாலை இருட்டும் முன்பு நாடுகாணி வந்துவிடலாம். கூடவே, வருவதற்கு முந்தின நாள் வானிலை அறிவிப்பில் மலப்புரத்துக்கோ நீலகிரிக்கோ சிவப்பு எச்சரிக்கை இருந்தால், ரோடு திறந்திருக்கிறதா என்று நாடுகாணிப் பக்கம் யாருக்காவது ஒரு போன் போட்டுவிட வேண்டும்.

கோயம்புத்தூர் விமானமும் அதிகாலையில் இறங்குகிறதுதான். அதற்கு வண்டி இரவு பத்து மணிக்கே இங்கிருந்து ஏற வேண்டும். நடுவட்டத்துக்கு மேலே பனி மூடினால் பானெட் நுனி தெரியாது. ஒரு தடவை கதவைத் திறந்து, ரோட்டின் வெள்ளைக் கோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டே டிரைவருக்கு வழி சொல்லியிருக்கிறேன். விடிய விடிய ஓட்டிப் போன டிரைவர், தூங்காமல் அதே ஏற்றத்தில் திரும்புவார். எனக்கு அதுதான் பயம்.

மற்ற விமான நிலையங்கள்

மைசூரு பக்கம்தானே என்று சிலர் கேட்பார்கள். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான், ரோடும் நல்ல ரோடு. ஆனால் அங்குள்ள மண்டகள்ளி ஏர்போர்ட்டில் ஓடுபாதை சின்னது, ஏடிஆர் போன்ற விசிறி விமானம்தான் இறங்கும். கல்ஃபுக்கு உதவாது. பெங்களூரில் உலகத்துக்கே விமானம் உண்டு; ஆனால் தேவனஹள்ளி நகரத்துக்கு அந்தப் பக்கம், முந்நூறு கிலோமீட்டர் நெருங்கும். அதோடு பந்திப்பூர்க் காட்டு ரோடு இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடியிருக்கும். விமானம் தாமதமானால் குண்டல்பேட்டையில் ரூம் போட்டுவிட்டு விடியலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். கண்ணூர் 2018 டிசம்பரில் திறந்த புது ஏர்போர்ட், ஓடுபாதையும் பெரிது. சேரம்பாடி, எருமாடு பக்கத்துக்காரர்கள் வயநாட்டு வழியாகப் போய்ப் பார்க்கலாம். கூடலூருக்குத் தூரம்.

கோயம்புத்தூரைத்தான் எடுக்க வேண்டிய ஆட்களும் உண்டு. சிங்கப்பூர் போகிறவர்கள்: அங்கிருந்து நேரடி விமானம் இருக்கிறது, கரிப்பூர் போய்ச் சுற்ற வேண்டாம். மாறாக ரியாத், ஜித்தா, தம்மாம், தோஹா, மஸ்கட் என்றால் கரிப்பூர்தான் பழக்கப்பட்ட வழி. கோயம்புத்தூரிலிருந்து கல்ஃபுக்கு நேரடியாக என்றால் ஷார்ஜா பல வருடமாக உண்டு, 2024இல் அபுதாபி சேர்ந்தது. அப்புறம் ஊட்டிக்காரர், குன்னூர்க்காரர், கோத்தகிரிக்காரர். அவர்களுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. கண்ணை மூடிக்கொண்டு கோயம்புத்தூர்.

எல்லை எங்கே என்று ஒரு நாள் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஊட்டி ரோட்டில் ஏறிக்கொண்டே போனால் கரிப்பூர் தூரம் கூடும், கோயம்புத்தூர் தூரம் குறையும். கூடலூரிலிருந்து இருபது கிலோமீட்டரில், நடுவட்டம் தாண்டிச் சில வளைவுகளில், இரண்டும் சமமாகிவிடுகிறது. நடுவட்டம் என்று பேர் வைத்தவர் ஏர்போர்ட்டை நினைத்து வைக்கவில்லை, ஆனால் பொருந்துகிறது.

சென்னைக்குப் போகிறவர்கள் இதே கேள்வியைக் கேட்டால் என் பதில் வேறு. கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் 405 கிலோமீட்டர், கரிப்பூரிலிருந்து 505. டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் போட்டிருக்கும். அதில் வானத்தில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அந்த ஒரு மணி நேரத்துக்காக இங்கிருந்து நாலரை மணி நேரம், ஏர்போர்ட்டில் இரண்டு மணி நேரம், அங்கே மீனம்பாக்கத்திலிருந்து வீட்டுக்கு ஒரு மணி நேரம். கூட்டினால் எட்டரை. மேட்டுப்பாளையத்தில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸில் படுத்தால் காலையில் சென்னை சென்ட்ரல். எனக்கு விமானத்தின் மேல் கோபம் ஒன்றும் இல்லை, தூக்கத்தின் மேல் பிரியம்.

அக்காவுக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. வண்டிச் செலவையும், பகல் விமானத்தையும், சுரத்தையும் மட்டும் சொன்னேன். மதியம் இறங்கும் கரிப்பூர் விமானம் ஒன்றைத் தேடிக் காட்டினேன். முன்பு பார்த்ததைவிட இன்னும் இருபத்தைந்து திர்ஹாம் அதிகம். போனை வாங்கி வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் பேச்சு, கொஞ்ச நேரம் சிரிப்பு, அப்புறம் தாழ்ந்த குரல்.

வைத்துவிட்டுச் சொன்னார்: "அவருக்குக் கோயம்புத்தூர்தானாம். காசுக்காக இல்லையாம். போன தடவை அங்க எறங்கினப்ப நான் போயிருந்தேன்ல, நேரா மருதமலை போயிட்டு, ஓட்டல்ல சாப்பிட்டுட்டு, ஒப்பணக்காரத் தெருவுல சேலை எடுத்துக் கொடுத்தாரு. வீட்டுக்கு வந்துட்டா மாமியார், நாத்தனார், கூட்டம். அந்த ஒரு நாளு எங்களோட நாளாம்."

என் கணக்கில் இந்தக் கிலோமீட்டர் இல்லை. என்ன சொல்வது என்று தெரியாமல், "அப்ப எதுக்குக்கா போடச் சொல்ல?" என்றேன்.

அக்கா ஸ்கிரீனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கரிப்பூருக்கே போடச் சொல்லு தம்பி. பகல்ல எறங்கறதுல. வண்டியில நானும் போறேன்." கதவுவரை போனவர் திரும்பி, "நிலம்பூர்ல அந்தத் தேக்கு மியூசியம் எத்தனை மணி வரைக்கும் தொறந்திருக்கும், அதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லு" என்றார்.